யார் மடித்தது

“…மத்தபடி நீளம், அகலம் எல்லாம் சரியாத்தான் இருக்குது. இந்த எடது காது ஓரம் மட்டும் சுருண்டுகினு இருக்குது” என்றார் என் வீட்டுக்காரர்.

சொன்னது சேலையைப் பற்றி அல்ல. அன்று காலையில் பிறந்த எங்கள் மகளைப் பற்றி. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஜன்னலுக்குக் குழந்தையைக் கொண்டுபோய், சுற்றியிருந்த துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நர்ஸம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, “மாத்திக் குடுக்குற வழக்கம் இங்க இல்லீங்க” என்றார்.

கூட இருந்த என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். அங்கே காத்திருந்த சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமே. அன்று சொல்ல ஆரம்பித்தவர்தான். குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோதும் சொல்லி முடித்திருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மேல் தப்பு இல்லை. அவருக்கு ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் சேலை பார்க்கிற வேலை. நெசவுக்காரர் தறியிலிருந்து அறுத்த சேலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார். இவர் அதை ஜன்னலோரம் பிரித்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, முந்தியிலிருந்து கடைசி வரை பார்ப்பார். எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே ஜரிகை தூக்கிக்கொண்டு நிற்கிறது, எங்கே எண்ணெய்க் கை பட்டிருக்கிறது என்று பார்த்ததைச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் சம்பளம். நல்லா இருக்கு என்று சொல்வதற்கு மட்டும் அனுமதி இல்லை. சொன்னால் நெசவுக்காரர் அடுத்த சேலைக்குக் கூலி கூடக் கேட்பார் என்பது முதலாளியின் பயம். வேலையில் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டாராம்: “உன் வாயில நல்லாருக்குதுன்னு வந்துச்சுன்னா, அந்தச் சேலைய நீயே வாங்கிகினு ஊட்டுக்குப் போயிடு.”

பட்டுச்சேலை வாங்குகிற வசதி எங்களுக்கு இல்லை. அதனால் அவர் சொன்னதே இல்லை.

இந்தக் குறை பார்க்கிற பழக்கத்தைக் கடை வாசலில் விட்டுவிட்டு வர அது என்ன செருப்பா? வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. தோசையை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து, நடுவில் இழை விட்டிருக்கிறது என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது காப்பி குடித்துவிட்டு, “வாசப்படி ஒரு பக்கம் சாஞ்சிருக்குதுங்க” என்று மட்டும் சொன்னார். பெண்ணைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லையே என்று என் அப்பா ரொம்ப சந்தோஷப்பட்டார். எங்கள் கல்யாணம் அப்படித்தான் முடிவானது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சேலைகளுக்கு முந்தி நூலை முடிச்சுப் போட்டுக் குச்சம் கட்டிக் கொடுப்பது என் வேலை. மற்றபடி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரவர் வாயிலிருந்து வந்து விழுந்ததுதான். யார் என்ன சொன்னாலும் எனக்கு மறக்காது. இது வரம் என்று நினைத்திருந்தேன். பெற்ற பிள்ளைக்கும் அதே ஞாபகசக்தி வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

இரண்டாம் வகுப்பில் அவள் ஒரு யானை வரைந்தாள். அப்பா கடையிலிருந்து வரும்வரை தாளைப் பாவாடை மேல் விரித்து, கசங்காமல் வைத்திருந்து காட்டினாள். அவர் கை கால் கழுவிவிட்டு, மரியாதையாக வாங்கி, ஜன்னலுக்குக் கொண்டுபோனார்.

“இந்தக் காலு ஒண்ணு குட்டையா இருக்குது” என்றார்.

அவள் வாங்கிக்கொண்டு போய், அந்தக் காலை இழுத்துவிட்டு, மறுபடியும் கொண்டுவந்தாள்.

“இப்ப மத்த மூணும் குட்டையா இருக்குது.”

அவர் சொன்னது சரிதான். நானும் எட்டிப் பார்த்தேன், மூன்றும் குட்டைதான். அவள் யானையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர் கண்ணில் படும்படி எதையும் வரையவில்லை. எங்கே வரைகிறாள் என்று பார்த்தால், நான் குச்சம் கட்டிக்கொண்டிருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வரைவாள். முடித்ததும் கிழித்துவிடுவாள். நேர்த்தியாக, நான்கு துண்டாக.

நாத்தனாரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை மேல் உயிர். தேவிகாபுரத்திலிருந்து வரும்போதெல்லாம் முறுக்கும் அதிரசமும் இவளுக்கென்று தனியாக வரும். கூடவே கதையும் வரும். காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எந்த விசேஷம் ஆனாலும் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் கூட்டத்தைச் சேர்த்துக்கொள்வார். ஜன்னலுக்கு நேராகக் கையைத் தூக்கி, தம்பி குரலில், “எடது காது ஓரம் மட்டும் சுருண்டுகினு இருக்குது” என்பார். பிறகு நர்ஸம்மா மாதிரி இடுப்பில் கை வைத்து, “மாத்திக் குடுக்குற வழக்கம் இங்க இல்லீங்க” என்பார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். என் வீட்டுக்காரரும் லேசாகச் சிரிப்பார். முடிந்ததும், “இன்னாடி சுருட்டக் காது, இங்க வாடி கண்ணு” என்று அவளைக் கூப்பிட்டு, வாயில் அதிரசத்தைத் திணிப்பார். அவள் மென்றுகொண்டே நிற்பாள்.

அந்தக் காது இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. மேல் விளிம்பு உள்பக்கமாகக் கொஞ்சம் சுருண்டிருக்கும். யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனால் ஒருவர் ஊர் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தாரே.

நான்காம் வகுப்பில் ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டை ஜடை, ரிப்பன் வைத்துக் கட்ட வேண்டும்.

“அம்மா, எடது பக்கம் எறக்கிக் கட்டு. காத மூடிக் கட்டு.”

“ஏன்?”

“காத்து அடிக்குது.”

அது சித்திரை மாசம். ஆரணியில் இலை அசையவில்லை. நான் இறக்கிக் கட்டினேன். ரிப்பனை முடிச்சுப் போடும்போது அவள் கேட்டாள்:

“ஆஸ்பத்திரியில மாத்திக் குடுப்பாங்கன்னா அப்பா மாத்தி இருப்பாரு இல்ல?”

“பைத்தியமே, யாராவது பெத்த புள்ளைய மாத்துவாங்களா?”

“அவங்கதான் மாத்த மாட்டோம்னு சொல்லிட்டாங்களே. அதான் வெச்சிக்கினீங்க.”

குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாள். கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளாத சரக்கு வீட்டில் தங்கிவிடும் இல்லையா, அந்தக் கணக்கில் தன்னை வைத்திருந்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் சொன்னேன். பெற்றவள் வேறு என்ன சொல்வாள் என்பது அவளுக்கும் தெரியும்.

ஐந்தாம் வகுப்பில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். “உங்க பொண்ணுக்கு எல்லாம் தெரியுதும்மா. ஆனா எதைக் கேட்டாலும் மொதல்ல எனக்கு வராது மிஸ்னு சொல்லுது. சொல்லிட்டு, சரியான பதிலைச் சொல்லுது. டிராயிங் போட்டிக்குப் பேர் குடுன்னு சொன்னா, பெஞ்சுக்கு அடியில பூந்துக்குது” என்றார். பிறகு, “வீட்டுல கொஞ்சம் பாராட்டுங்க” என்றார், டானிக் எழுதிக் கொடுக்கிற டாக்டர் மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“பாராட்டுறதுன்னா?”

“நல்லாருக்குதுன்னு சொல்லணும்.”

“எது?”

“அது செய்யறது எதுவா இருந்தாலும்.”

“பாக்காமயேவா?” என்றார். உண்மையாகவே அதிர்ந்துபோயிருந்தார்.

“பாத்துட்டே சொல்லுங்க.”

“பாத்துட்டு எப்படிச் சொல்றது?”

இருந்தாலும் பிள்ளைக்காக முயற்சி செய்தார். முதலில் என்னிடம் பழகிப் பார்த்தார். சாம்பாரை ஊற்றிக்கொண்டு, கண்ணை மூடி, “குறைன்னு பெருசா ஒண்ணும் இல்ல” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு அவள் பக்கம் திரும்பினார். அவள் காப்பி எழுத்து எழுதிக்கொண்டிருந்தாள். இவருக்கு நல்லா இருக்கு என்று பேசத் தெரிந்த ஒரே இடம் கடையின் முன்பக்கம். விற்பனைக்கு ஆள் குறைந்தால் இவரை அங்கே கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் குரல் வந்துவிட்டது.

“அடடா, இன்னா எழுத்து! பாத்தாலே லட்சணமா இருக்குது. தைரியமா எடுங்க, சாயம் போகாது.”

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசலையும் பார்த்தாள்.

“யாருப்பா வந்திருக்காங்க?”

“யாரும் இல்லியே.”

“நீங்க கஸ்டமர் கிட்ட பேசறீங்க.”

அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “விக்கறப்போ எல்லாத்தையும் நல்லாருக்குதுன்னுதாம்மா சொல்லுவாரு. கறை பட்டதையும் சேர்த்து.”

டீச்சர் கொடுத்த டானிக் அத்தோடு தீர்ந்தது.

அந்தக் கோடை லீவில் எனக்கு முகூர்த்தச் சேலைகள் குவிந்துவிட்டன. வீடு முழுக்க நூல். பிள்ளையை அவரோடு கடைக்கு அனுப்பினேன். காலையில் அப்பாவோடு சைக்கிளில் போய், ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருந்து, சாயங்காலம் வந்து எனக்குக் கடைக் கதை சொல்வாள். யார் எந்தக் கலர் கொண்டுவந்தார்கள், யாரை அப்பா எவ்வளவு நேரம் நிற்க வைத்தார், எல்லாம் வரும். ஒரு நெசவுக்காரர் பொறுக்க முடியாமல், “ஏங்க, ஒரே ஒரு தபா நல்லாருக்குதுன்னு சொன்னீங்கன்னா உங்க பல்லு கொட்டிடுமா?” என்று கேட்டாராம். அதற்கு அப்பா கரையில் ஒரு இழையைக் காட்டினாராம்.

ஒருநாள் அவள் வேறு செய்தி கொண்டுவந்தாள்.

“அம்மா, அப்பா சொல்ற குறையெல்லாம் கணக்கிலயே வராதாம்.”

“யாரு சொன்னாங்க?”

“அந்தப் பல்லு கொட்டுற அண்ணன்தான். ‘உங்கப்பா குறை சொல்லாத சேலை இந்த ஊர்லயே இல்ல பாப்பா. அவரு வாயப் பாத்துகினு இருந்தா நாங்கெல்லாம் தறிய வித்துட்டு இட்லிக் கடைதான் வெக்கணும். சொல்லி முடிச்சப்புறம் சேலைய யாரு மடிக்கிறாங்கன்னு பாரு’ன்னாரு. நானும் பாத்தேன்.”

அவள் பார்த்தது இது. குறை எல்லாச் சேலைக்கும் உண்டு. கடைக்கு வேண்டாத சேலை என்றால், குறையைச் சொல்லிவிட்டு அப்படியே நெசவுக்காரர் பக்கம் தள்ளிவிடுவார். அவரே சுருட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். எடுத்துக்கொள்கிற சேலை என்றால், அதற்கும் குறையெல்லாம் சொல்லிவிட்டு, வெள்ளைத் துணி விரித்து, தானே மடிப்பார். முதலாளியைக்கூடத் தொட விட மாட்டார். முந்தி வெளியே தெரிகிற மாதிரிதான் மடிப்பார். அதுதான் அந்தச் சேலையின் அடையாளம், உள்ளே போகக் கூடாது என்பாராம். அவர் மடித்துவிட்டால் நெசவுக்காரர் எழுந்து போவார். தெருமுனையில் டீ குடிக்கும்போதுதான் சிரிப்பார்.

எனக்கு இது புதுசு. இத்தனை வருஷம் அவரோடு குடித்தனம் செய்கிறேன், வீட்டில் அவர் தன் வேட்டியைக்கூட மடித்து நான் பார்த்ததில்லை. கொடியிலிருந்து உருவினால் உருவினபடிதான்.

அதற்குப் பிறகு லீவு முடிகிறவரை அவளுக்கு அது ஒரு விளையாட்டு. அப்பா குறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இது தள்ளுகிறதா மடிக்கிறதா என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாளாம். “குறை நெறைய சொன்னா தள்ளுவாருன்னு நெனச்சேம்மா. அப்படி இல்ல. இன்னிக்கு ஒரு மாம்பழக் கலரு, அதுக்குத்தான் ரொம்பத் திட்டு. கடைசியில அப்பாதான் மடிச்சாரு” என்றாள். கடை வம்பு என்றுதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். குச்சத்தில் கை இருந்தால் எனக்குக் காதில் விழுவது உள்ளே போக நேரமாகும்.

ஆடி மாசம் படவேட்டுக்கு வேன் வைத்துக்கொண்டு போனோம். நாத்தனார் வீட்டில் வருஷா வருஷம் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அந்த வருஷம் அவர் வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தாள். வேலூர்ப் பக்கத்துப் பெண். கதையை இதுவரை கேட்காத ஒரு ஜீவன் கிடைத்தால் நாத்தனார் விடுவாரா? மரத்தடியில் பொங்கப் பானையை இறக்கி வைத்துவிட்டு, இலை போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

என் மகள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது ஜடை வழக்கம்போல இறங்கி, காதை மூடியிருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பாட்டு இலைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“…எடது காது ஓரம் மட்டும் சுருண்டுகினு இருக்குதுன்றான்! அந்த நர்ஸம்மா இருக்குதே, அது இன்னா சொல்லுச்சு தெரியுமா?” நாத்தனார் இடுப்பில் கை வைத்தார். “மாத்திக் குடுக்குற வழக்கம் இங்க இல்லீங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். புது மருமகள் மாமியாரைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். நாத்தனார் அதிரசத்தை எடுத்துக்கொண்டு, “இன்னாடி சுருட்டக் காது” என்று திரும்பினார்.

“அப்புறம்?” என்றாள் என் மகள்.

“அப்புறம் இன்னாடி அப்புறம்? அவ்ளோதான் கதை.”

“துணிய யாரு மடிச்சாங்க?”

“எந்தத் துணி?”

“என்னச் சுத்தி இருந்த துணி. அப்பா பிரிச்சுத்தான பாத்தாரு? நீங்கதான சொல்றீங்க. பாத்து முடிச்சப்புறம் அந்தத் துணிய யாரு மடிச்சது? நர்ஸம்மா கிட்ட தள்ளிட்டாரா?”

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. “துணிய எவ மடிச்சா இன்னா, பொங்கல் ஆறுது, ஜல்தியா உக்காருங்க” என்று யாரோ சொன்னார்கள். புரிந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் கையில் தூக்கிப் பிடித்திருந்த இலை அப்படியே நின்றது. அதை இறக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

“எனக்கு இன்னா தெரியும்? நான்தான் இவங்களுக்கெல்லாம் சொல்ல வராந்தாவுக்கு ஓடியாந்துட்டேனே” என்றார் நாத்தனார். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அவருக்குத் தெரியாத ஒரு பாகம் அந்தக் கதையில் இருந்தது. அவரும் என்னைப் பார்த்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் மட்டும் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். இது தள்ளுகிறதா, மடிக்கிறதா என்று கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சம் இனிப்புப் போட்டுச் சொல்லலாம். ஆனால் கஸ்டமரிடம் பேசுகிற குரலை ஒரு சொல்லிலேயே கண்டுபிடித்துவிடுகிற பிள்ளை அது. நல்லவேளையாக, இனிப்புப் போட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. அன்று நான் கட்டிலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். கண் மட்டும் திறந்திருந்தது. பார்த்தேன். இவள் கேட்காமல் இருந்திருந்தால், அதில் சொல்ல ஏதோ இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியிருக்காது.

“நர்ஸம்மா குடுங்கன்னு கைய நீட்டுனாங்க” என்றேன். “உங்கப்பா குடுக்கல.”

அவள் நகம் நின்றது.

மீதியையும் சொன்னேன். நர்ஸம்மா நீட்டிய கையை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, என் கால்மாட்டில் பிரித்துப் போட்டிருந்த அந்த வெள்ளைத் துணியை இன்னொரு கையால் உதறி விரித்தார். அதன் நடுவில் அவளைப் படுக்க வைத்தார். முதலில் இடது பக்கத்து ஓரத்தை எடுத்து மேலே போட்டார், பிறகு வலது பக்கத்தை. சுருக்கம் வந்த இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டார். கால் பக்கத்தை மேலே மடித்துச் செருகினார். தலைப்பக்கம் வந்ததும் கொஞ்சம் நின்றார். அந்த மடிப்பு அவள் காதை மூடிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, இடது காது வெளியே தெரிகிற மாதிரி மறுபடியும் மடித்து, என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.